எடுத்த கார்டு திரும்பி வந்து உக்காரணும்

போன இதழ்ல கடைக்கு ரேக் அடிக்கறதப் பத்தி எழுதும்போது போற போக்குல "இருக்கறதுலயே கஷ்டமான ஐட்டம் கிரீட்டிங் கார்டு ஸ்டாண்டுதான், பாக்கத்தான் சிம்பிளா இருக்கும்"னு ஒரு வரி போட்டுட்டேன். அதப் புடிச்சுக்கிட்டு வரிசையா கேள்வி வந்திருக்கு. சரி, இந்த வாட்டி முழுக்க கார்டு ஸ்டாண்டுதான். பேக்கரி ஷோகேஸ் பத்திக் கேட்டவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த இதழ்ல வெச்சுக்கலாம்.

கேள்வி (மதுரையிலேர்ந்து ஒரு வாசகி): அண்ணா, நான் வீட்லயே குவில்லிங் வாழ்த்து அட்டை, அதாவது பேப்பர் பட்டையச் சுருளா சுத்தி ஒட்டின அட்டை செய்றேன். A4 சைஸ் சார்ட்ட பாதியா மடிச்சு செய்வேன். எங்க ஏரியா ஸ்டேஷனரி கடைக்காரர் கவுண்டர் மேல ஒரு அடி இடம் தர்றேன்னு சொல்லிட்டார், ஸ்டாண்டு மட்டும் நானே கொண்டு வரணுமாம். எப்படி டிசைன் பண்றது?

பதில்: தங்கச்சி, பேப்பர் பென்சில் எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் அந்தக் கடைக்குப் போய் ஓரமா நின்னு, கார்டு பாக்க வர்றவங்களோட கையை மட்டும் பாருங்க. மூஞ்சிய இல்ல, கையை. ஒரு பொண்ணு வரும், ஒரு கார்டை எடுக்கும், தொறக்கும், உள்ள இருக்கற நாலு வரியப் படிக்கும், பின்னாடி திருப்பி விலையப் பாக்கும், திரும்ப வெக்கும், அடுத்தத எடுக்கும். இப்படி ஏழெட்டு பாத்த பிறகுதான் ஒண்ணு பில்லுக்குப் போகும். அப்ப உங்க ஸ்டாண்டு ஒரு கார்டு விக்கறதுக்குள்ள ஏழு கார்டை திரும்ப வாங்கி வெச்சிருக்கணும். எடுக்கும்போது எல்லாரும் பாத்து பதமாத்தான் எடுப்பாங்க. வெக்கும்போது ஒரு கைல கூடை, கண்ணு ஏற்கனவே அடுத்த கார்டு மேல, விரல் மட்டும் தடவித் தடவி எடம் தேடும். அந்த நேரத்துல ஸ்டாண்டுல கார்டு நிக்கற அறை, அதாவது பாக்கெட், டைட்டா இருந்தா கார்டோட கீழ் மூலை மடங்கும், கவர் கசங்கும், இல்லன்னா எதுக்கு வம்புன்னு பக்கத்து டிசைன் மேலயே சாத்தி வெச்சுட்டுப் போய்டுவாங்க. ராத்திரி கடை சாத்தும்போது பாத்தா பிறந்தநாளும் கல்யாண நாளும் கலந்து கெடக்கும். ஸ்டாண்டு டிசைன்னு நான் சொல்றது முக்கால்வாசி இந்த திருப்பி வெக்கற வேலைக்குத்தான்.

இப்ப உங்க கணக்குக்கு வருவோம். A4 ஐ பாதியா மடிச்சா A5, அதாவது 148க்கு 210 மில்லிமீட்டர். அதுக்குப் போடற C5 கவர் 162க்கு 229. பாக்கெட்டை எப்பவும் கார்டுக்கு அளக்கக்கூடாது, கவருக்குத்தான் அளக்கணும், அதுக்கு மேல ரெண்டு பக்கமும் சேத்து ஒரு 6, 7 மில்லி தாராளமா விடணும். அப்ப ஒரு பாக்கெட் கிட்டத்தட்ட 168. ரெண்டு பாக்கெட் பக்கத்துல பக்கத்துல வெச்சா 336. உங்களுக்குக் கெடச்ச ஒரு அடியோ 305 மில்லிதான். பாருங்க, ரெண்டு வரிசை நிக்கவே நிக்காது. கார்டை 5க்கு 7 இஞ்ச் பண்ணிட்டீங்கன்னா கவர் அகலம் 133 சுமாரு வரும், பாக்கெட் 140, ரெண்டும் 280, நடுவுலயும் ஓரத்துலயும் 3 மில்லி தடுப்பு மூணு, மொத்தம் 289. அடிச்சு உக்காந்துரும். கார்டு சைஸ இத்தனூண்டு கொறச்சதுக்கே கடைல உங்க டிசைன் ரெண்டு மடங்கு ஆயிடுச்சு. இதுதான் நான் எல்லார்கிட்டயும் சொல்றது, கார்டு செய்யறதுக்கு முன்னாடியே ஸ்டாண்டை யோசிங்கன்னு.

அடுத்தது குவில்லிங். நீங்க சுத்தற பேப்பர் பட்டை 3 மில்லியோ 5 மில்லியோ, அது படுக்காது, ஓரத்துல நிக்கும். 5 மில்லி பட்டைன்னா ஒரு கார்டு கவரோட சேந்து ஆறரை மில்லி தடிமன். சாதா அச்சு கார்டு கவரோட ஒன்றரை மில்லிகூட தாண்டாது, அத ஒரு பாக்கெட்ல பன்னண்டு அடுக்குவாங்க. உங்களோடத அஞ்சு அடுக்கினாலே 32 மில்லி ஆயிடும், பின்னாடி இருக்கறதோட பூவெல்லாம் முன்னாடி இருக்கறதோட முதுகுல நசுங்கும். அதனால படிக்கட்டு மாதிரி மூணு தட்டு, ஒவ்வொரு தட்டுலயும் ரெண்டு டிசைன், ஒவ்வொண்ணுலயும் ரெண்டே ரெண்டு கார்டு, அதுக்கு மேல வேண்டாம். படிக்கட்டுக்கு அடியில வயிறு காலியாத்தானே இருக்கு, அங்க பின்பக்கமா ஒரு டிராயர் வெச்சு மிச்ச ஸ்டாக்கை அட்டை டப்பாவுல படுக்க வெச்சுருங்க. கடைக்காரருக்கும் நிம்மதி, வித்த உடனே கைய விட்டு ஒண்ணு எடுத்து சொருகிடுவார். முன்னாடி தடுப்பு பளிச்சுன்னு தெரியற அக்ரிலிக்ல 30 மில்லி போதும். குவில்லிங் மேல தட்டாம இருக்கணும்னா டிசைனையே கார்டோட மேல் பாதில சுத்துங்க, கீழ ரெண்டு இஞ்ச் காலியா விட்டு அங்க பேர் எழுதிக்கலாம்.

கேள்வி (காரைக்குடியிலேர்ந்து ஒரு மாணவர்): சார், காலேஜ் ப்ராஜெக்டுக்கு செவுத்துல மாட்டற கார்டு ரேக் வரையறேன். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் எவ்ளோ உயரம் விடணும், எவ்ளோ சாய்வு குடுக்கணும்னு எங்கயும் தெளிவா இல்ல.

பதில்: ஏன்னா அது ஒரே நம்பர் இல்ல தம்பி, பேரம். உயரமா விட்டா கார்டு நல்லா தெரியும், ஆனா டிசைன் கொறையும். நெருக்கி விட்டா நெறைய டிசைன் ஏறும், ஆனா ஒவ்வொண்ணுலயும் தலை மட்டும்தான் தெரியும்.

போட்டுப் பாப்போம். 5க்கு 7 கார்டோட உயரம் 178 மில்லி. தட்டுக்குத் தட்டு 120 மில்லி ஏத்தினா கார்டுல மேல மூணுல ரெண்டு பங்கு தெரியும், கீழ 58 மில்லி முன்னாடி கார்டுக்குப் பின்னாடி மறைஞ்சிரும். அஞ்சு தட்டுக்கு நாலு தடவை 120, கடைசி கார்டு 178, மொத்தம் 658 மில்லி. மூணடி அகலத்துல 140 மில்லி பாக்கெட் ஆறு நிக்கும். ஆறஞ்சு முப்பது டிசைன். அதே 658க்குள்ள தட்டுக்கு 60 மில்லி மட்டும் ஏத்தினா ஒம்போது தட்டு வந்துரும், 54 டிசைன். கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஆனா மேல மூணுல ஒரு பங்குதான் தெரியும். அதுக்குத்தான் கார்டு டிசைன் பண்றவங்க "ஹேப்பி பர்த்டே"வையோ "அப்பாவுக்கு"ங்கறதையோ எப்பவும் மேல் மூணுல ஒரு பங்குல எழுதறது. அழகுக்காக இல்ல, ரேக்குல மிச்சம் மறைஞ்சு போகும்னு தெரிஞ்சு எழுதறது. புதுசா டிசைன் பண்ற பசங்க கார்டை கம்ப்யூட்டர்ல தனியா பாத்து கீழ் ஓரத்துல அழகா எழுதிட்டு வருவாங்க, ரேக்குல வெச்சா வெறும் நீல வானம் மட்டும் தெரியும். இது பிறந்தநாளுக்கா எழவுக்கான்னு யாருக்கும் புரியாது.

ஒண்ணு மறந்துராத, ஒவ்வொரு தட்டும் முன்னாடி ஒரு 25 மில்லி துருத்தும். ஒம்போது தட்டுன்னா 225 மில்லி, முக்கால் அடி. கடைல நடக்கற வழி ரெண்டரை அடிதான்னா ஆளுங்க இடிச்சுக்கிட்டுப் போவாங்க.

சாய்வுக்கு வா. நேரா நிமுந்து நின்னா கார்டு முன்னாடி விழும், ரொம்ப மல்லாந்தா மேல இருக்கற டியூப்லைட் பளபள லேமினேஷன்ல அப்படியே அடிச்சு ஒண்ணும் தெரியாது, தூசியும் படியும். நான் கண் மட்டத்துல இருக்கற தட்டுக்கு 15 டிகிரி குடுப்பேன், கீழ போகப் போக கூட்டிக்கிட்டே போய் முழங்கால் கிட்ட இருக்கற தட்டுக்கு 30 வரைக்கும் குடுப்பேன், கார்டு நிமுந்து நம்ம மூஞ்சியப் பாக்கற மாதிரி. கண் மட்டம்னா யாரோட கண் மட்டம்? இங்கதான் நெறைய பேர் கோட்டை விடறாங்க. வெளிநாட்டு ரேக் படத்தைப் பாத்து அப்படியே காப்பி அடிச்சு ஆறடிக்கு மேல் தட்டு வெப்பாங்க. அஞ்சடி ஒசரம் இருக்கற பொண்ணுக்கு கண்ணு 4 அடி 8 இஞ்ச்லதான் இருக்கும். நம்ம ஊர் கடைக்கு மேல் தட்டோட அடி அஞ்சடிய தாண்டக்கூடாது, எட்டி எடுத்தா எடுத்துருவாங்க, திரும்ப எட்டி சரியா சொருக மாட்டாங்க. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல இத எழுதினா உங்க சார் மார்க் போடுவாரான்னு தெரியாது, ஆனா உங்க அம்மாவ நிக்க வெச்சு ஒரு தடவ அளந்து பாரு.

கேள்வி (திருப்பூரிலேர்ந்து ஒரு வாசகர்): அக்ரிலிக், எம்டிஎஃப் (மரநார் பலகை), கம்பி, அட்டை, இதுல எது பெஸ்ட்?

பதில்: எத்தனை நாளைக்குன்னு சொன்னா எதுன்னு சொல்லலாம். தீபாவளிக்கோ புது வருஷத்துக்கோ மூணு வாரம் நிக்கணும்னா கொருகேட்டட் அட்டையே போதும், சிவகாசி பக்கம் டப்பா அடிக்கறவங்க அழகா டை-கட் பண்ணி, அதாவது அச்சு வெச்சு வெட்டிக் குடுப்பாங்க. ஒரே ஒரு விஷயம், அட்டைக்குள்ள அலை அலையா வரி ஓடுதே அது நெட்டுக்குத்தா நிக்கற மாதிரி வெட்டச் சொல்லுங்க. படுக்க ஓடினா ஒரு வாரத்துல கார்டு பாரம் தாங்காம நடுவுல மடங்கி உக்காந்துரும். பலகை மாதிரி கனம் வேணும்னா எம்டிஎஃப், ஆனா கடைல தரை தொடைக்கும்போது தண்ணி பட்டா அடி ஊதிக்கும், அதனால கீழ ரப்பர் புஷ் கண்டிப்பா போடுங்க. சன்போர்டு (பிவிசி நுரைப் பலகை) லேசு, வெட்டறது சுலபம், தண்ணிக்கும் பயப்படாது, ஆனா நீளமா வெச்சா தொங்கும்.

நான் அதிகமா அடிக்கறது அக்ரிலிக். இதப் பத்தி கொஞ்சம் அதிகமா பேசுவேன், பொறுத்துக்கோங்க. 8க்கு 4 அடி ஷீட்டா வரும், கவுண்டர் ஸ்டாண்டுக்கு 2 மில்லி பத்தாது, 3 மில்லி எடுங்க. வளைக்கறதுக்கு ஹீட்டர் கம்பி மேல வளையப் போற கோட்டை மட்டும் காட்டணும், சுமார் 150 டிகிரில அது ரப்பர் மாதிரி தொவளும், அப்ப சட்டத்துல வெச்சு மடக்கி ஆறற வரைக்கும் புடிச்சிருக்கணும். அவசரப்பட்டு சூடு பத்தாம மடக்குனா உள்ள மெல்லிசா வெள்ளைக் கோடு விழும், அன்னிக்கு ஒண்ணும் ஆகாது, ரெண்டு மாசம் கழிச்சு அந்தக் கோட்டுலயே பட்டுன்னு உடையும். ரொம்ப சூடு பண்ணா குமிழ் குமிழா வரும். ஒட்டறதுக்கு சிரிஞ்சுல குளோரோஃபார்ம் எடுத்து ஓரத்துல ஒரு சொட்டு விட்டா அதுவே இடுக்குல ஓடிரும், ஜன்னல் எல்லாம் தொறந்து வெச்சுட்டு பண்ணுங்க, மூடின ரூம்ல வேண்டவே வேண்டாம். மேல ஒட்டி வர்ற பேப்பரை வளைக்கற, ஒட்டற எடத்துல மட்டும் உரிங்க, மத்த எடத்துல கடைசி வரைக்கும் உரிக்காதீங்க.

அப்புறம் கடைக்காரர்கிட்ட குடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லிருங்க, ஸ்பிரிட்டு, கண்ணாடி தொடைக்கற நீல லிக்விட் எதுவும் படக்கூடாது, சோப்புத் தண்ணில நனைச்ச மெத்துன்னு துணி போதும்னு. நான் குடுத்த ஒரு ஸ்டாண்டை கடைப் பையன் தினமும் காலைல ஸ்பிரிட்டு போட்டு பளபளன்னு தொடைச்சு, ஆறே மாசத்துல வளைவுல எல்லாம் சிலந்தி வலை மாதிரி கீறல் விழுந்து மங்கிப் போச்சு. மட்டமான ஷீட் போட்டுட்டேன்னு எனக்குத்தான் பேச்சு. சொல்லாம விட்டது என் தப்புதான்.

கேள்வி (சென்னையிலேர்ந்து ஒரு வாசகர்): இன்னிக்கு எல்லாரும் வாட்ஸப்ல பூங்கொத்து அனுப்பறாங்க. கிரீட்டிங் கார்டையே யாரும் வாங்கறதில்ல, அதுக்கு ரேக் எதுக்கு?

பதில்: கொறஞ்சிருக்கு, இல்லன்னு சொல்லல. அதனாலதான் ரேக் இன்னும் முக்கியம். முன்னாடி கார்டு வாங்கணும்னே கெளம்பி வந்தாங்க, நீங்க சாக்குல கொட்டி வெச்சிருந்தாலும் தேடி எடுப்பாங்க. இப்ப பேனா வாங்க வந்தவங்க கண்ணுல பட்டு, கைல எடுத்துப் பாத்து வாங்கறதுதான். கண்ணுல படலன்னா வியாபாரம் இல்ல. சென்னை ஆண்டர்சன் தெருவுல கல்யாணப் பத்திரிகை கடைங்க இன்னும் நிக்குது பாருங்க, அங்க போய் அவங்க சாம்பிள் அட்டையை எப்படி அடுக்கியிருக்காங்கன்னு பாருங்க, ஒரு டிசைனுக்கு ஒண்ணே ஒண்ணு, பின்னாடி நம்பர், ஸ்டாக் எல்லாம் உள்ள. நம்மளோடது வேற கதை, இங்க எடுத்த அந்தக் கார்டையேதான் கைல கொண்டுபோவாங்க.

கேள்வி (சேலத்திலேர்ந்து ஒரு வாசகி): இந்த மாதிரி கார்டை வரிசையா நிக்க வெச்சு விக்கற பழக்கம் எப்பலேர்ந்து வந்தது? எங்க அப்பா காலத்துல பொங்கல் வாழ்த்தெல்லாம் கயித்துல தொங்கும்னு சொல்வார்.

பதில்: உங்க அப்பா சொல்றது நூத்துக்கு நூறு. மார்கழி பொறந்தா போதும், பெட்டிக்கடை வாசல்ல சணல் கயிறு கட்டி துணி கிளிப்புல மாட்டியிருப்பாங்க. கரும்பு, பொங்கப் பானை, மாடு, சாமி, நடுவுல ரஜினி, கமல். காத்துல எல்லாம் படபடன்னு அடிச்சுக்கும். ஸ்கூல் விட்டு வர்ற பசங்க அண்ணாந்து பாத்து "அது, அதுக்குப் பக்கத்துது"ன்னு கை காட்ட, கடைக்காரர் எடுத்துக் குடுப்பார். கவரை ஒட்டாம புக் போஸ்ட்னு எழுதிப் போட்டா அப்ப ஸ்டாம்பு கம்மி. டிஸ்ப்ளே டிசைனா பாத்தா அந்தக் கயிறு ஒண்ணும் லேசுப்பட்டதில்ல, முழு கார்டும் தெரியும், செலவு ஒரு முழம் கயிறு. ஒரே கொறை, நாமளா எடுத்துத் தொறந்து பாத்து திருப்பி மாட்ட முடியாது, கடைக்காரர் கைதான் வேணும்.

அமெரிக்காவுலயும் ரொம்ப நாள் கதை இதேதான். கார்டெல்லாம் கவுண்டருக்குப் பின்னாடி டிராயருக்குள்ள இருக்கும், கடை ஆள்கிட்ட "அத்தைக்கு பிறந்தநாள், ஒண்ணு குடுங்க"ன்னு கேக்கணும், அவங்க எடுத்துக் குடுக்கறதுதான். ஜாய்ஸ் ஹால்னு ஒருத்தர் 1910ல கான்சாஸ் சிட்டில ஆரம்பிச்ச கார்டு கம்பெனிதான் ஹால்மார்க். அவங்க 1936ல ஐ-விஷன்னு பேர் வெச்சு, பேட்டன்ட் வாங்கின ஒரு ரேக்கை கொண்டு வந்தாங்க. கார்டெல்லாம் வரிசை வரிசையா கண்ணு மட்டத்துல, வாங்க வந்தவங்களே எடுத்துப் பாத்து வெக்கற மாதிரி. முதல் கிறிஸ்துமஸ் கார்டை லண்டன்ல ஹென்றி கோல் அச்சடிச்சு ஒரு ஷில்லிங்குக்கு வித்தது 1843ல. கணக்குப் போடுங்க, தொண்ணூத்தி மூணு வருஷம் கழிச்சுத்தான் அந்தக் கார்டுக்கு ஒழுங்கா நிக்க ஒரு எடம் கெடைச்சிருக்கு. நம்ம பக்கம் இந்த ரேக்கைப் பெருசா பரப்புனது ஆர்ச்சீஸ், 1979ல டெல்லில ஆரம்பிச்சாங்க. தொண்ணூறுகள்ல காலேஜ் படிச்சவங்களுக்கு அந்தக் கடை ரேக் முன்னாடி நின்னு ஒரு மணி நேரம் கார்டு படிச்சுட்டு ஒண்ணும் வாங்காம வந்த அனுபவம் இருக்கும். எனக்கு நெறையவே இருக்கு.

கேள்வி (தூத்துக்குடியிலேர்ந்து ஒரு கடைக்காரர்): கம்பி ரேக்தான் வெச்சிருக்கேன். கவர்ல பழுப்பா கோடு விழுது. அதோட கார்டெல்லாம் முன்னாடி வளைஞ்சு தொங்குது. கார்டு குவாலிட்டி சரியில்லையா?

பதில்: கார்டு மேல பழி போடாதீங்க அண்ணாச்சி, ரெண்டும் உங்க ஊர் காத்து பண்ற வேலை. கம்பி வெல்டிங் வெச்ச முனைல பவுடர் கோட்டிங் மெல்லிசா இருக்கும், உப்புக் காத்துல மொதல்ல அங்கதான் துரு ஏறும், கவரோட அடி அந்த முனைலதான் உக்காரும். புதுசா பண்றதா இருந்தா உப்புக் காத்தைத் தாங்கற 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல அடிங்க. இப்போதைக்கு பழைய ரேக்குல ஒவ்வொரு தட்டோட அடிலயும் ஒரு பட்டை அக்ரிலிக்கோ பிவிசியோ வெட்டிப் போட்டுருங்க, கவர் கம்பியத் தொடவே தொடாது. கம்பியோட இன்னொரு வம்பு, கார்டு கம்பி மேல சாய்ஞ்சே இருந்தா முதுகுல பள்ளமா கோடு விழுந்துரும், அந்தப் பட்டைய முதுகுக்கும் ஒண்ணு வெச்சா அதுவும் தீந்துச்சு.

வளையறதுக்குக் காரணம் லேமினேஷன். கார்டுக்கு வெளிப்பக்கம் மட்டும் பிளாஸ்டிக் ஒட்டியிருக்கும், உள்பக்கம் வெறும் பேப்பர். ஈரக் காத்துல பேப்பர் விரியும், பிளாஸ்டிக் விரியாது, அப்ப எந்தப் பக்கம் வளையும்? விரியாத பக்கத்தைப் பாத்து, அதாவது முன்னாடி. கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் கார்டு குனிஞ்சு வணக்கம் போட்டுக்கிட்டு நிக்கும். சாய்வை இன்னும் ஒரு அஞ்சு டிகிரி கூட்டுங்க, முன்னாடி தடுப்பு ஒரு இஞ்ச் இருந்தா ரெண்டு இஞ்சா ஆக்குங்க, ஆனா தெரியற மெட்டீரியல்ல. பாக்கெட்டுக்கு பன்னண்டு வெக்கறதுக்குப் பதிலா ஆறு வெச்சு, மிச்சத்தை பாலித்தீன் கவர்ல கட்டி அலமாரில படுக்க வெச்சு மேல ஏதாவது கனமா ஏத்திருங்க.

கேள்வி (கோவையிலேர்ந்து ஒரு வாசகர்): சுத்தற ஸ்டாண்டு வெக்கலாமா? கடை சின்னது.

பதில்: வெக்கலாம், மூலைல மட்டும் வெக்காதீங்க. சுத்தற ஸ்டாண்டுக்கு எடம் கம்மின்னு வாங்கிட்டு வந்து மூலைல செருகிடுவாங்க, அப்புறம் பின்னாடி இருக்கற கார்டோட முனை செவுத்துல இடிச்சு சுத்தவே சுத்தாது, நாலு முகத்துல ரெண்டு முகம் வியாபாரம். நாலு பக்கமும் ஒரு சாண் காலி இருக்கணும்.

கவுந்து விழறதுதான் பெரிய பயம். நான் மொத மொத அடிச்ச ஸ்பின்னர் அஞ்சரை அடி ஒசரம், அடிப் பலகை ஒன்னேகால் அடிதான், பாக்க ஒல்லியா ஸ்டைலா இருக்கட்டும்னு. ஒரு பக்கத்துக் கார்டெல்லாம் வித்துப் போய் இன்னொரு பக்கம் மட்டும் ஃபுல்லா இருந்த நேரத்துல ஒரு குட்டிப் பையன் வந்து ராட்டினம் மாதிரி ஒரு சுத்து சுத்தினான். ஆடி ஆடி அப்படியே சாஞ்சு நோட்டு புக் அடுக்கின ரேக் மேல போய் நின்னுச்சு, நல்ல வேளை பையன் இந்தப் பக்கம் இருந்தான். அதுலேர்ந்து அந்த ஒசரத்துக்கு அடி ரெண்டடிக்கு ரெண்டடி இல்லாம நான் அடிக்கறதில்ல. அடிப் பொட்டிக்குள்ள, கிச்சன் மேடைக்கு கிரானைட் வெட்டறவங்ககிட்ட மிச்சம் விழற துண்டை வாங்கி வெச்சு ஸ்க்ரூ போட்டு மூடிருவேன், சும்மாவே குடுப்பாங்க. பேரிங்கையும் ரொம்ப வழுவழுன்னு போடாதீங்க, நடுவுல ஒரு ஃபெல்ட் வாஷர் போட்டு கொஞ்சம் பிடிப்பு குடுத்தா கைய எடுத்ததும் நின்னுரும். வேகமா சுத்துற ஸ்பின்னர்ல கார்டு பறக்கும். பறந்த கார்டை யாரும் அதோட எடத்துலயே திருப்பி வெக்கறதில்ல.

கேள்வி (நாகர்கோவிலிலேர்ந்து ஒரு வாசகி): கவரை கார்டுக்குள்ள வெக்கணுமா, பின்னாடியா? செலோ கவர்ல, அதாவது உள்ள தெரியற பிளாஸ்டிக் உறைல போட்டுட்டா கசங்காதுல்ல?

பதில்: பின்னாடி. உள்ள வெச்சா தொறந்து படிக்கும்போது கீழ விழும், குனிஞ்சு எடுத்து வேற கார்டுக்குள்ள சொருகிருவாங்க. செலோல போட்டா கசங்காது, வாஸ்தவம்தான், ஆனா உள்ள என்ன எழுதியிருக்குன்னு பாக்க முடியாது, பாக்காம கார்டு வாங்கறவங்க கம்மி, பிரிச்சுப் பாத்துட்டுப் போறவங்க ஜாஸ்தி. முன்னாடி ஒண்ணு பிரிச்சு வெச்சு அதுல "பாக்க மட்டும்"னு சின்னதா ஒட்டிருங்க, பின்னாடி இருக்கறதெல்லாம் செலோல இருக்கட்டும்.

கேள்வி (ஈரோட்டிலேர்ந்து ஒரு கடைக்காரர்): ரோட்டைப் பாத்த கண்ணாடிக்குப் பின்னாடி கார்டு வெச்சேன், ரெண்டு மாசத்துல எல்லாம் நீலமா ஆயிடுச்சு.

பதில்: மஞ்சளும் ரோஸும் வெயில்ல முதல்ல ஓடிரும், நீலமும் கறுப்பும் மிச்சம் நிக்கும். பழைய போஸ்டரைப் பாருங்க, அதே கதை. கண்ணாடில வெக்கறது விக்காத கார்டா இருக்கட்டும், மாசம் ஒருக்கா மாத்துங்க. மேற்குப் பாத்த கடைன்னா அதுவும் வேண்டாம்.

கேள்வி (கும்பகோணத்திலேர்ந்து ஒரு கடைக்காரர்): ரேக் நல்லாத்தான் இருக்கு. ஆனா எது தீந்துச்சு, எது இருக்குன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள ஒரு சீசனே முடிஞ்சிருது. அங்கங்க பொக்கைப் பல்லு மாதிரி காலியா தெரியுது.

பதில்: இதுக்கு மெஷினோ கம்ப்யூட்டரோ தேவையில்ல. ஒவ்வொரு பாக்கெட்டுலயும் கடைசியா, கார்டோட அதே சைஸ்ல ஒரு தடி அட்டை வெட்டி நிரந்தரமா சொருகிருங்க. அதுல மேல பெருசா டிசைன் நம்பர், யார்கிட்ட வாங்கினது, எத்தனை வாங்கினது, கடைசியா எப்ப வாங்கினது. வெளிநாட்டுல கார்டு கம்பெனிங்களே இப்படி ஒரு ரீஆர்டர் சீட்டை ஒவ்வொரு பாக்கெட் பின்னாடியும் வெச்சுத்தான் குடுப்பாங்க. அந்த அட்டை மொகம் எப்ப முழுசா வெளில தெரியுதோ அப்ப அந்த டிசைன் காலி, பையன் சாயங்காலம் அப்படித் தெரியற அட்டையெல்லாம் உருவிக்கிட்டு வந்தா அதுதான் உங்க ஆர்டர் லிஸ்ட். அட்டைய நல்ல மஞ்சளோ ஆரஞ்சோ போடுங்க, தூரத்துலேர்ந்தே கண்ணுல அடிக்கும்.

இன்னொரு லாபமும் உண்டு. அந்த அட்டையோட முன்பக்கம் அதே கார்டோட கலர் ஜெராக்ஸ் ஒண்ணு சின்னதா ஒட்டிட்டீங்கன்னா, கைல கார்டை வெச்சுக்கிட்டு எங்க எடுத்தோம்னு முழிக்கறவங்க படத்தைப் பாத்து சரியா அங்கயே கொண்டு வந்து சொருகுவாங்க. அதுக்கு அட்டை கார்டை விட ஒரு 20 மில்லி ஒசரமா இருக்கணும், இல்லன்னா பாக்கெட் ஃபுல்லா இருக்கும்போது அது தெரியாது. ஜெராக்ஸ அந்த 20 மில்லிக்குள்ள ஒட்டுங்க, கீழ இறக்கிட்டீங்கன்னா மறைஞ்சிரும். நம்பரை பின்பக்கம் தள்ளிருங்க, அது உங்களுக்குத்தான், வாங்க வர்றவங்களுக்கு இல்ல.